பழுது பார்ப்போரை யார் பார்ப்பது?

நம்மில் பெரும்பாலோரின் கைப்பேசியில், பெயருக்கு முன்னால் தொழிலைச் சேர்த்துச் சேமித்து வைத்த எண்கள் சில இருக்கும். பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், மோட்டார் காயில் கட்டுபவர். ஆண்டு முழுவதும் நினைவுக்கு வராத அந்த எண்கள், மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாத காலையிலோ, கோடையின் உச்சத்தில் குளிர்சாதனம் நின்றுபோகும் இரவிலோதான் உயிர்பெறுகின்றன. அழைப்பை அவர் எடுக்காவிட்டால் நமக்குப் பதற்றம். நாளைக்கு வருவதாகச் சொன்னால் கோபம். வந்து சரிசெய்துவிட்டுக் கூலி கேட்டால் பேரம். அவர் எங்கே தொழில் கற்றார், அவரிடம் சான்றிதழ் உண்டா, நம் வீட்டு ஏணியிலிருந்து அவர் தவறி விழுந்தால் அவருடைய குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்னும் கேள்விகள் அந்த உறவில் எழுவதே இல்லை.

செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரும், 2024-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான ஜெஃப்ரி ஹின்டன், அத்தொழில்நுட்பம் பறிக்கப்போகும் வேலைகளைப் பற்றி 2025-இல் பேசியபோது, பிளம்பராகப் பயிற்சி பெறுவது நல்லது என்றார். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அதன் தர்க்கம் எளியது. ஒரு வீட்டின் குழாய்ப் பாதை இன்னொரு வீட்டில் இருப்பதில்லை. சுவருக்குள் எது எங்கே ஓடுகிறது என்பதைத் தட்டிப் பார்த்து, காதால் கேட்டு, ஈரத்தைத் தொட்டு முடிவெடுக்கும் வேலையைக் கணினிக்குள் அடைப்பது இப்போதைக்கு இயலாது.

ஆனால், அந்த அறிவுரையைத் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் அப்படியே ஏற்றுக்கொண்டால் அவருக்குக் காத்திருப்பது என்ன? வேலை நிச்சயம் உண்டு. வருமானமும் ஓரளவுக்கு உண்டு. முறையான பயிற்சி, தகுதிக்கேற்ற அங்கீகாரம், படிப்படியாக உயரும் வாய்ப்பு, விபத்துக்குப் பாதுகாப்பு ஆகியவை உண்டா என்றால், தயக்கத்துடன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இணைப்புகள் பெருகின, கைகள்?

ஒரு தலைமுறைக்கு முன்பு, நம் சிற்றூர் வீடுகளில் பழுதாகக்கூடிய பொருள்கள் மிகக் குறைவு. ஒரு கிணறு, ஓர் உருளை, சில மின்விளக்குகள், ஒரு மின்விசிறி. இன்று நடுத்தரக் குடும்பத்தின் வீட்டில் தரைத்தொட்டி, மோட்டார், மேல்நிலைத் தொட்டி, வெந்நீர்க் கருவி, குளிர்சாதனம், குடிநீர்ச் சுத்திகரிப்பான், இன்வெர்ட்டர், கழிவுநீர்த் தொட்டி என்று ஒரு சிறு தொழிற்கூடமே இயங்குகிறது. இவற்றுள் எதுவும் தானாகப் பராமரித்துக்கொள்ளாது.

அரசின் பெருந்திட்டங்களும் இதே திசையில்தான் செல்கின்றன. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது, நாட்டில் சுமார் 3.23 கோடி ஊரக வீடுகளில் மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. இன்று அந்த எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டிவிட்டது. 2025 பிப்ரவரியில் தாக்கல் செய்யப்பட்ட மத்திய நிதிநிலை அறிக்கை இத்திட்டத்தை 2028 வரை நீட்டித்தது. 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம், ரூ.75,021 கோடி ஒதுக்கீட்டில் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகளை நிறுவ முனைகிறது. 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 வரை மானியமும் வழங்கப்படுகிறது.

இவை வரவேற்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்திட்டங்களின் வெற்றி, கொடுக்கப்பட்ட இணைப்புகளின் எண்ணிக்கையால்தான் முதன்மையாக அளக்கப்படுகிறது. இணைப்பு என்பது ஒருநாள் நிகழ்வு. பராமரிப்பு என்பது அந்தக் குழாயின் ஆயுள் முழுவதும் தொடரும் வேலை. ஜல் ஜீவன் இணைப்புகளின் செயல்பாட்டை மதிப்பிட மத்திய அரசே 2022-இல் நடத்திய ஆய்வில், போதிய அளவு, உரிய தரம், ஒழுங்கான விநியோகம் என்ற மூன்று அளவுகோல்களையும் நிறைவுசெய்த வீடுகள் 62 விழுக்காடுதான் என்று தெரியவந்தது. மீதமுள்ளவற்றில் நீராதாரக் குறைபாடும் உண்டு, மின்தடையும் உண்டு. கசியும் இணைப்பும், எரிந்த மோட்டாரும், அடைத்த வால்வும் உண்டு. பின்னவற்றைச் சரிசெய்ய ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் தேவை.

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி 2003-இல் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. வீடுதோறும் குழாய்கள் பொருத்தப்பட்டன, குழிகள் தோண்டப்பட்டன. ஆனால் வடிகட்டும் குழியிலுள்ள மணலையும் சரளையையும் அவ்வப்போது அகற்றிக் கழுவ வேண்டும் என்பதை எத்தனை வீடுகளில் நினைவில் வைத்திருக்கிறார்கள்? சேறு படிந்து அடைத்துக்கொண்ட குழிகளும், பாதியில் துண்டிக்கப்பட்ட குழாய்களும் இன்று பல தெருக்களில் சாட்சியாக நிற்கின்றன. கட்டாயப்படுத்திய சட்டம் இருந்தது. பராமரிக்கும் தொழிலாளர் அணி ஒன்றை உருவாக்கும் எண்ணம் இருக்கவில்லை.

ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டிகளை இயக்குவோரின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அதிகாலையில் மோட்டாரைப் போட்டு, வால்வுகளைத் திருப்பி, தொட்டியில் குளோரின் கலந்து, குழாய் உடைந்தால் முதலில் ஓடிவருபவர் அவர்தான். ஊரின் உடல்நலமே அவர் கையில் இருக்கிறது. ஆனால் அவர் பெறுவது மிகச் சொற்பமான ஊதியம். ஊதிய உயர்வு கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டங்கள் செய்தித்தாளின் உள்பக்க மூலையில் முடிந்துபோகின்றன.

கடல் கடந்தால் தேர்வு, வீட்டுக்குள் வந்தால்?

இத்தொழிலுக்கு வருபவர்கள் இரண்டு வழிகளில் வருகிறார்கள். ஒன்று, தொழிற்பயிற்சி நிலையம். எலக்ட்ரீஷியன், வயர்மேன், குளிர்சாதன மெக்கானிக் ஆகிய பிரிவுகளுக்கு இரண்டு ஆண்டு, பிளம்பர் பிரிவுக்கு ஓராண்டு என்று அங்கே பயிற்சி அளிக்கப்படுகிறது. ஆனால் அங்கே தேர்ச்சி பெறுவோரில் பலர் தொழிற்சாலை வேலையை நாடுகிறார்கள், அது இயல்பும்கூட. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ.2,877 கோடியில் தொழில்நுட்ப மையங்களாகத் தரமுயர்த்தியது தமிழ்நாடு அரசு. ரோபாட்டிக்ஸ், மின்வாகனப் பராமரிப்பு போன்றவற்றை அறிமுகப்படுத்திய அந்த முயற்சியின் பார்வை ஆலைகளின் பக்கமே இருந்தது. வீடுகளின் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது வழி, கையாளாகச் சேர்வது. பள்ளிப் படிப்பை முடித்தோ முடிக்காமலோ ஒரு மேஸ்திரியின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கும் சிறுவன், நான்கைந்து ஆண்டுகளில் தானே வேலை எடுத்துச் செய்யும் அளவுக்கு வளர்கிறான். நம் வீடுகளுக்கு வருபவர்களில் பலர் இவ்வழியே வந்தவர்கள்தாம். இந்தக் கல்விமுறையை இழிவாகக் கருத வேண்டியதில்லை. கைத்திறனை வகுப்பறையைவிட நன்றாகக் கற்றுத்தருவது வேலைக்களம். ஆனால் ஆசானின் திறமையோடு ஆசானின் பிழையும் சேர்ந்தே கைமாறும் என்பது இதன் குறை. எர்த் கம்பி இழுக்கச் சோம்பி, நியூட்ரலையே எர்த் முனையில் இணைத்துவிடும் ஆபத்தான பழக்கம் இப்படித்தான் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. வழக்கமான நாள்களில் அதனால் ஒன்றும் நேராது. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்த நாளில், வெந்நீர்க் கருவியின் உலோக உடலிலேயே மின்சாரம் வந்து நிற்கும்.

மின்சாரத்தைப் பொருத்தவரை சட்டத்தில் குறையில்லை. மின்கம்பியாளர், மின்கம்பி உதவியாளர் ஆகியோருக்குத் தகுதிகாண் தேர்வு உண்டு. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே மின்னமைப்புப் பணியைச் செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் புதிய இணைப்புக்கான சோதனை அறிக்கையில் கையொப்பம் ஒருவருடையது, சுவருக்குள் கம்பி இழுத்தது வேறொருவர் என்பது ஊரறிந்த ரகசியம். இணைப்புப் பெற்ற பின்பு பத்து ஆண்டுகளில் அந்த வீட்டில் நடக்கும் மாற்றங்களையோ எவரும் பார்ப்பதில்லை. குடிநீர், கழிவுநீர்க் குழாய்களின் நிலை இன்னும் தளர்வானது. வீட்டுக்கு வெளியே உள்ளாட்சியின் குழாயோடு இணைப்பதற்கு ஏதோ ஒரு விதி இருக்கும். வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் எதையும் செய்யலாம்.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். இதே தொழிலாளி வளைகுடா நாட்டுக்குச் செல்ல விரும்பினால், ஆள் எடுக்கும் நிறுவனம் அவரைத் தொழில் தேர்வுக்கு அழைக்கிறது. சென்னையிலும் திருச்சியிலும் உள்ள தேர்வுக்கூடங்களில் அவர் குழாயை அளந்து வெட்டிக் காட்ட வேண்டும். பலகையில் மின்சுற்று அமைத்துக் காட்ட வேண்டும். தேறினால்தான் விசா. அயல்நாட்டு முதலாளி தன் கட்டடத்தில் கைவைப்பவரின் திறனைச் சோதித்துப் பார்க்கிறார். நாமோ, நம் குழந்தைகள் குளிக்கும் அறையின் மின்னிணைப்பை, யாரோ தந்த எண்ணை நம்பி ஒப்படைக்கிறோம்.

தொழிலே ஊரின் அடையாளமாக முடியும் என்பதற்கு நாட்டிலேயே சான்று உண்டு. ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டம், அதிலும் பட்டமுண்டை வட்டாரம், நாடெங்கும் பிளம்பர்களை அனுப்பும் பகுதியாகப் பெயர்பெற்றது. கொல்கத்தாவில் தொடங்கிய அவர்களின் பயணம் தில்லி, பெங்களூரு, வளைகுடா என்று விரிந்திருக்கிறது. அங்கே பிளம்பிங் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிற்சி நிறுவனம் ஒன்றும் இயங்குகிறது. தலைமுறை அனுபவத்தை முறையான கல்வியோடு இணைக்கும் முயற்சி அது.

உயிரோடு விளையாடும் அலட்சியம்

பயிற்சி, சான்றிதழ் என்பவை காகித விவகாரங்கள் அல்ல என்பதற்குத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையே போதும். நாட்டில் ஓராண்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் 12,000-க்கும் அதிகம். இவர்களில் வயலில் அறுந்து விழுந்த கம்பியை மிதித்தவர்களும் உண்டு. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவர்களும், பழுதான மோட்டாரைத் தொட்டவர்களும், பழுது பார்க்கச் சென்றவர்களும் உண்டு.

வீட்டுக்குள் நேரும் இத்தகைய மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க ஒரு சிறு கருவி போதும். பலரும் தங்கள் வீட்டில் இருக்கும் எம்சிபி தங்களைக் காக்கும் என்று நம்புகிறார்கள். அது காப்பது கம்பியை. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. மனித உடல் வழியாகக் கசியும் மின்னோட்டம், ஆளைக் கொல்லப் போதுமானதாக இருந்தாலும், எம்சிபியை இயக்கும் அளவுக்குப் பெரியதன்று. ஆர்சிசிபி என்னும் கருவியோ உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு தெரிந்தாலே நொடிப்பொழுதுக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலையில் சிறு பகுதிதான் இதன் விலை. இதை வீட்டு உரிமையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் எலக்ட்ரீஷியன். அவருக்கே இது கற்பிக்கப்படவில்லை என்றால் யார் சொல்வது? மின்கசிவால் இக்கருவி அடிக்கடி விழுகிறது என்று உரிமையாளர் முறையிட்டால், கசிவைத் தேடாமல் கருவியையே கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆபத்து வீட்டாருக்கு மட்டுமன்று. வீட்டில் தொலைக்காட்சி நின்றுவிடும் என்பதற்காக மெயினை அணைக்க விடாமல், மின்சாரம் ஓடும்போதே வேலை பார்க்கச் சொல்லும் வீடுகள் உண்டு. அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் ஓரடி அகலச் சன்ஷேடின் மீது நின்றுகொண்டு, இடுப்பில் கயிறுகூட இல்லாமல் குளிர்சாதனத்தின் வெளிப்பகுதியைப் பொருத்தும் இளைஞர்களை நாள்தோறும் பார்க்கிறோம். கூரைச் சூரியத் தகடுகளில் இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. வெயில் இருக்கும்வரை தகடு மின்சாரத்தை உற்பத்தி செய்துகொண்டேயிருக்கும். வீட்டு மெயினை அணைத்தாலும் தகட்டிலிருந்து வரும் நேர்மின்னோட்டக் கம்பி உயிரோடுதான் இருக்கும். பழைய வழக்கப்படி மெயினை அணைத்துவிட்டுத் துணிந்து கைவைப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூடிய தொட்டிகளின் கதை இன்னும் கொடியது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. கழிவுநீர்க் கால்வாய்ப் பணியில் இறப்போரின் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும், அடைப்பு எடுக்க வந்த பிளம்பரிடம், "கொஞ்சம் உள்ளே இறங்கிப் பாருங்கள்" என்று கேட்கும் வழக்கம் ஒழியவில்லை. புதிதாகக் கட்டிய தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கியவர், காற்றின்றி மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் உயிரிழந்த செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். நச்சுவாயுவுக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் மனிதரின் துணிச்சல் ஒரு பொருட்டே அன்று.

சுற்றுச்சூழலும் இந்தத் தொழிலாளரின் கையில்தான் இருக்கிறது என்பதை நாம் உணர்வதில்லை. குளிர்சாதனங்களில் நீண்டகாலம் பயன்பட்ட ஆர்-22 என்னும் வாயு, புவி வெப்பமாதலில் கரியமில வாயுவைவிட 1,800 மடங்குக்கும் மேல் வீரியமுடையது. பழுதுபார்க்கும்போது அதை முறையாக உறிஞ்சிச் சேமிக்காமல் காற்றில் திறந்துவிடுவதே இங்கு பெருவழக்கு. இப்போது அதன் இடத்தைப் பிடித்துவரும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரோப்பேன், எளிதில் தீப்பற்றுவது. 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் பழுதுநீக்குநர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதை இலக்காக அறிவித்தது இந்த அபாயத்தை உணர்ந்துதான். தில்லியில் எழுதப்படும் அத்தகைய இலக்குகள், தெருமுனையில் வாயு உருளையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செல்லும் மெக்கானிக்கை வந்தடைந்தால்தான் பயன்.

கணக்கில் வராத உழைப்பு

வருமானத்தைப் பொருத்தவரை இத்தொழிலைப் பற்றி இரு மிகைகள் உலவுகின்றன. "அரை மணி நேர வேலைக்கு ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்" என்பது ஒன்று. "பொறியாளரைவிட பிளம்பர் அதிகம் சம்பாதிக்கிறார்" என்பது இன்னொன்று. அந்த அரை மணிக்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தை நாம் எண்ணுவதில்லை. வீட்டைத் தேடி வருவது, பழுதைப் பார்ப்பது, கடைக்குச் சென்று பொருள் வாங்குவது, பொருந்தாவிட்டால் மாற்றுவது, இரு சக்கர வாகனத்துக்கான பெட்ரோல், துளையிடும் கருவியின் தேய்மானம், வேலை இல்லாத மழைநாள்கள் ஆகிய அனைத்தும் அந்த ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்க வேண்டும். விடுப்பு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என்று எதுவும் அதனோடு வருவதில்லை. ஐம்பது வயதில் முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏற முடியாமல் போகும்போது அவருடைய வருமானம் நின்றுவிடுகிறது.

அமைப்புசாராத் தொழிலாளருக்கான பாதுகாப்பில் தமிழ்நாடு முன்னோடி. 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே உருவான கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம், விபத்து நிவாரணம், கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றை வழங்குகிறது. குழாய், மின்பணி செய்வோரும் இதில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கற்பனை, ஒரு பெரிய கட்டடமும் அங்கு வேலை செய்யும் தொழிலாளர் குழுவும்தான். நலநிதிக்கான வருவாய் கட்டுமானச் செலவின் மீது விதிக்கப்படும் ஒரு விழுக்காடு வரியிலிருந்து வருகிறது. ஒரே நாளில் நான்கு வீடுகளில், நான்கு பேரிடம் கூலி வாங்கும் பழுதுநீக்குநருக்கு வேலையளிப்பவர் என்று எவரைச் சுட்டுவது?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த இடைவெளியை அகலமாக்கும் வாய்ப்பும் இருக்கிறது. தனிநபர் தம் சொந்தக் குடியிருப்புக்காகச் செய்யும் கட்டுமானப் பணிக்கு, முன்பு ரூ.10 லட்சம் வரை விலக்கு இருந்தது. இப்போது அந்த வரம்பு ரூ.50 லட்சம். வீட்டு உரிமையாளருக்கு இது நிம்மதி தரலாம். ஆனால் சிறு வீடுகளிலேயே வாழ்நாள் முழுவதும் உழைக்கும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் நலநிதியின் கணக்குக்கு வெளியே இன்னும் ஓரடி தள்ளப்படுகிறார்கள்.

செயலிகள் வழியாக வேலை பெறுவோரின் நிலை சற்று வேறு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இணையத் தளங்களை நடத்தும் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை, தொழிலாளர்களுக்கு அளிக்கும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நலநிதிக்குப் பங்களிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு இணையம் சார்ந்த தொழிலாளருக்கெனத் தனி நலவாரியத்தை 2023 டிசம்பரில் அமைத்தது. செயலிகள் சீருடையும் பயிற்சியும் நிர்ணயித்த கட்டணமும் கொண்டுவந்தன என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் வாடிக்கையாளர் அவசரத்தில் அழுத்தும் நட்சத்திரக் குறிகளின் சராசரி சற்றே குறைந்தால், அவருக்கு வரும் வேலை குறைந்துவிடுகிறது. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு இடமில்லை. அதோடு, செயலிகளின் வலை பெருநகரங்களோடு நின்றுவிடுகிறது. சிற்றூர்ப் பழுதுநீக்குநரை அது தொடுவதில்லை.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் கடனும் கருவி உதவியும் தரும் 18 தொழில்களின் பட்டியலில் தச்சர், கொத்தனார், பூட்டுச் செய்பவர் உண்டு. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் இல்லை. பரம்பரைத் தொழில் என்ற அளவுகோலில் அவர்கள் இடம்பெறவில்லை. நவீனத் தொழில் என்ற பெயரில் வரும் திட்டங்களோ ஆலைகளை நோக்கியவை. இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப்போன தொழில் இது.

மதிப்பு என்னும் முட்டுக்கட்டை

உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தில் நாட்டின் சராசரி 28 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாடு 47 விழுக்காட்டை எட்டியிருந்தது என்று 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வு கூறுகிறது. பெருமைப்பட வேண்டிய சாதனை. கல்வி மறுக்கப்பட்ட சமூகங்கள் பட்டம் பெற்றதன் வரலாறு அது. எனவே, "எல்லாரும் ஏன் பட்டம் படிக்க வேண்டும்? குழாய் வேலை கற்றுக்கொள்ளலாமே" என்று வசதியானவர்கள் உபதேசிக்கும்போது, அதில் பழைய வாசனை வீசுவதாக ஏழைப் பெற்றோர் சந்தேகிப்பது நியாயம். கழிவுநீரைத் தொடும் வேலை எந்தச் சமூகத்தின் தலையில் காலங்காலமாகச் சுமத்தப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடவில்லை. உபதேசிப்பவரின் மகன் அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தின் வகுப்பில் உட்காரும் நாளில்தான் அந்த அறிவுரைக்கு மதிப்பு வரும்.

அந்த நாள் வர வேண்டுமானால், தொழிலுக்குச் சட்டமும் சமூகமும் தரும் தகுதி உயர வேண்டும். ஜெர்மனியில் மின்னமைப்பு, குடிநீர், வெப்பமூட்டும் குழாய்ப் பணிகளில் சுயமாகத் தொழில் நடத்த மைஸ்டர் என்னும் உயர்நிலைச் சான்று கொண்ட ஒருவர் தேவை. 2004-இல் அந்நாடு 53 கைத்தொழில்களுக்கு இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியபோதும் மின்பணியையும் குழாய்ப்பணியையும் தொடவில்லை. தளர்த்தியதில் 12 தொழில்களுக்கு 2020-இல் மீண்டும் கட்டாயத்தைக் கொண்டுவந்தது. தகுதியைக் கேட்பது தொழிலாளியை அவமதிப்பதாகாது. அதுவே அவருடைய கூலிக்கும் மரியாதைக்கும் அடித்தளம் என்பது அந்த அனுபவம்.

இதற்கு எழும் எதிர்வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. உரிமத்தைக் கட்டாயமாக்கினால் படிக்காத தொழிலாளி பிழைப்பை இழப்பார். உரிமம் வழங்கும் மேசையில் லஞ்சம் முளைக்கும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் தொடக்கம் தண்டனையாக இருக்கக்கூடாது. அனுபவத்தால் கற்றதை அங்கீகரிக்கும் முறை 2015 முதலே திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழை எவரும் கேட்பதில்லை. எனவே அதைப் பெறவும் எவரும் முனைவதில்லை. கேட்பவர் உருவாக வேண்டும்.

செய்ய வேண்டியவை என்ன?

முதலாவதாக, பிளம்பர், எலக்ட்ரீஷியன், குளிர்சாதன மெக்கானிக் ஆகியோருக்கு மாவட்டந்தோறும் அரசுப் பதிவேடு ஒன்று வேண்டும். கட்டணமின்றி, தமிழில், எழுத்துத் தேர்வாக அல்லாமல் செய்முறைத் தேர்வாக, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் விடுமுறை நாள்களில் அதை நடத்தலாம். தேறாதவரை விலக்காமல் குறைந்த நாள் பயிற்சி அளித்து மீண்டும் அழைக்கலாம். பயிற்சி நாளில் அவர் இழக்கும் கூலியை ஈடுசெய்யாவிட்டால் எந்தத் திட்டமும் வெற்றி பெறாது. அரசு அலுவலகங்கள், பள்ளிகள், குடியிருப்புச் சங்கங்கள் ஆகியவை பதிவுபெற்றவரையே அழைக்க வேண்டும் என்ற ஒரே விதி, அந்தச் சான்றிதழுக்குச் சந்தை மதிப்பை உண்டாக்கிவிடும்.

இரண்டாவதாக, பதிவேட்டில் உள்ளவருக்கு விபத்துக் காப்பீடும் ஓய்வூதியமும் தானாகவே சேர வேண்டும். பழுதுநீக்கும் வேலையில் வேலையளிப்பவரைத் தேடுவது வீண். கம்பி, குழாய், மோட்டார், குளிர்சாதனம் போன்ற பொருள்களின் விற்பனையிலிருந்து மிகச் சிறு பங்கை நலநிதிக்குத் திருப்புவது குறித்து அரசு ஆராயலாம். அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் இவர்களின் கைவழியாகத்தானே வீட்டை அடைகின்றன.

மூன்றாவதாக, குடிநீர், சூரிய மின்சாரத் திட்டங்களின் ஒதுக்கீட்டில் பராமரிப்புக்கும் உள்ளூர்த் தொழிலாளரின் ஊதியத்துக்கும் தனிப் பங்கு வேண்டும். எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்பதோடு, கொடுத்து ஐந்து ஆண்டு ஆனவற்றில் எத்தனை இயங்குகின்றன என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இப்பயிற்சிகளில் பெண்களுக்கும் இடமளிக்க வேண்டும். பகலில் பெண்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் பல. அங்கே ஒரு பெண் எலக்ட்ரீஷியனுக்கு வரவேற்பு இருக்கும். புதுமைப்பெண் திட்டம் தொழிற்பயிற்சி மாணவியருக்கும் மாதம் ரூ.1,000 வழங்குவது இதற்கு நல்ல தொடக்கம்.

நான்காவதாக, நம் பங்கு. வேலை நடக்கும்போது மெயினை அணைக்கச் சம்மதிப்பது, தொட்டிக்குள் இறங்கச் சொல்லாதிருப்பது, ஆர்சிசிபி பொருத்தச் செலவிடுவது, சுவரைப் பூசும் முன்பு உள்ளே ஓடும் குழாயையும் கம்பியையும் படமெடுத்து வைத்திருப்பது ஆகியவற்றுக்குச் சட்டம் தேவையில்லை. பேசிய கூலியை அன்றே கொடுப்பதற்கும், வெயிலில் வந்தவருக்கு வீட்டிலுள்ள அதே குவளையில் தண்ணீர் கொடுப்பதற்கும் எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

இயந்திரங்கள் எழுதவும் வரையவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொண்டுவரும் காலம் இது. அப்போதும் மேல்தொட்டியின் வால்வு அடைத்துக்கொள்ளும். சுவருக்குள் குழாய் கசியும். அன்று நாம் அழைக்கும் எண்ணுக்கு மறுமுனையில் தொழில் கற்ற, காப்பீடு உள்ள, நிமிர்ந்து பேசும் ஒருவர் இருக்க வேண்டுமா, அல்லது எதிர்முனையில் எவருமே இல்லாமல் போக வேண்டுமா என்பதை இன்றைய நம் முடிவுகளே தீர்மானிக்கும்.